மெஷினுக்கு முன் கணக்கைப் போடுங்கள்

சென்ற வாரம் அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலால் வெளியே வந்தபோது, சாய்ந்தமருதில் தளபாடப் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி என்னை நிறுத்தினார். "காக்கா, இந்த சீ.என்.சீ. மெஷினை எடுக்கப் போறன். நாளைக்கு அட்வான்ஸ் கட்டணும்" என்று போனில் படத்தைக் காட்டினார்.

அது லேசர் மெஷின். தம்பி செய்வதோ தேக்கு, முதிரைக் கதவுகள். லேசர் சுட்டு வெட்டும். மெல்லிய பலகைக்கும் அக்ரிலிக்குக்கும் நல்லது. கதவில் ஆழமாகப் பூவேலை செதுக்க, சுழலும் பிட் உள்ள றூட்டர்தான் வேண்டும். எதை வெட்டப் போகிறோம் என்பதே முதற் கேள்வி. விலை அதற்குப் பிறகு.

அடுத்தது கரண்ட். 2, 3 கிலோவாட் மோட்டார் என்றால் 230 வோல்ட் சாதாரண இணைப்பே போதும். 6 கிலோவாட் மோட்டாரும் பலகையை உறிஞ்சிப் பிடிக்கும் பம்பும் உள்ள பெரிய மெஷினுக்குப் பெரும்பாலும் திரீ பேஸ் வேண்டும். நானும் ஒருமுறை மா ஆலைக்குப் பெரிய மோட்டாரை வாங்கிவந்து, திரீ பேஸ் இல்லாமல் நான்கு மாதம் படங்கு போட்டு மூடி வைத்தவன்தான்.

நமது ஊர்களில் கடற்காற்று வேறு. உப்பு ஈரமும் மரத்தூளும் சேர்ந்தால் மெஷின் ஓடும் ரெயில்கள் துருப்பிடிக்கும். தூசி உறிஞ்சியையும் கிறீஸ் செலவையும் விலையோடு சேர்த்தே பாருங்கள். உதிரிப்பாகம் நாட்டுக்குள் கிடைக்குமா என்றும் கேளுங்கள். 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. இறக்குமதிப் பொருளை நம்பியவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

பணத்துக்கு வட்டியில் விழ வேண்டியதில்லை. 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டபின் இஸ்லாமிய வங்கி முறைக்கு நமது நாட்டில் வழி திறந்தது. முறாபஹாவில் வங்கியே பொருளை வாங்கி, இலாபத்தைச் சொல்லி நமக்குத் தவணைக்கு விற்கும். ஆனால் தவணை தவணைதான். மாதம் எத்தனை கதவு விற்றால் அதைக் கட்டலாம் என்று முதலில் எழுதிப் பாருங்கள்.

"மெஷின் வந்தால் பூவேலை செய்கிற ஓடாவியை நிறுத்தலாம்தானே?" என்றார் தம்பி. நிறுத்த வேண்டாம் என்றேன். கம்பியூட்டருக்குக் கொடுக்கும் டிசைன் அவர் கையில்தான் இருக்கிறது. பொருத்துவதும் மெருகிடுவதும் அவர்தான்.

முடிவாக ஒன்று சொன்னேன்: ஆறு மாதம், மெஷின் உள்ள இடத்தில் கூலிக்கு வெட்டிப் பாருங்கள். வேலை நிரம்பினால் வாங்குங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல்.

தம்பி அட்வான்ஸ் கட்டவில்லை. நேற்று இரண்டு கதவுப் பலகையைக் கூலிக்கு வெட்டக் கொடுத்திருக்கிறார். இன்ஷா அல்லாஹ், கணக்கு தானாகப் பேசும்.