ஒரே அறையில் பஞ்சும் வெடிமருந்தும்



சுருவில், நயினாதீவு, நெடுந்தீவுக் கரைகளில் வளர்ந்தவர்களுக்குத் தோணியில் சாமான் ஏற்றும் முறையைச் சொல்லித் தரத் தேவையில்லை. அரிசி மூட்டையோடு மண்ணெண்ணெய்ப் பீப்பாயைச் சேர்த்து வைக்க யாருக்குத்தான் மனம் வரும்? இந்தச் சிறிய விடயத்தைப் பெரியவர்கள் மறந்ததால் நேர்ந்த கதையைக் கேளுங்கள்.

இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய கப்பல்களுக்கு ஈடாக, அவசர அவசரமாகச் சரக்குக் கப்பல்கள் கட்டப்பட்டன. அவற்றில் ஒன்று, 1942இல் கனடாவின் பிரின்ஸ் ரூபர்ட் நகரில் கட்டப்பட்ட 'போர்ட் ஸ்டிகீன்'. அதன் ஆயுள் இரண்டு ஆண்டளவே.

1944 பெப்ரவரியில் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் துறைமுகத்திலிருந்து அது புறப்பட்டபோது, அதில் சுமார் 1,400 தொன் வெடிபொருளும் தங்கக் கட்டிகளும் இருந்தன. கராச்சியில் காலியான இடத்திலே பஞ்சுப் பொதிகள் ஏற்றப்பட்டன. கீழே பஞ்சு, மேலே வெடிமருந்து!

ஏப்ரல் 12இல் கப்பல் பம்பாய் வந்தது. ஆபத்தான சரக்கு உண்டென்பதைக் காட்டும் சிவப்புக் கொடி ஏற்றப்படவில்லை. 14ஆம் திகதி நண்பகலுக்குப் பின் புகை தெரிந்தது. பக்கத்துக் கப்பல்களில் முதலில் கண்டவர்கள் வாளாவிருந்தார்கள். பிறகு தீயணைப்போர் ஓடிவந்து தண்ணீர் பாய்ச்சினார்கள். கப்பலை மூழ்கடிப்பதா, கடலுக்கு இழுத்துச் செல்வதா? அதிகாரிகளால் முடிவுக்கு வர இயலவில்லை. மாலை 4.06க்குக் கப்பல் வெடித்துச் சிதறியது, 4.34க்கு இன்னொரு வெடி.

இறந்தோர் 800 முதல் 1,300 வரை என்கிறார்கள். சுமார் 80,000 பேர் வீடிழந்தனர். தீயணைக்கச் சென்ற 66 வீரர்கள் திரும்பவில்லை. அவர்கள் நினைவாகவே ஏப்ரல் 14 இந்தியாவில் தீயணைப்புச் சேவை நாளாக அனுசரிக்கப்படுகிறது. கப்பலிலிருந்து பறந்த தங்கக் கட்டியொன்று ஒரு பார்சிப் பெரியவரின் வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. அமானிதத்தைப் பேணுவதுபோல் அவர் அதை ஒப்படைத்துவிட்டார்.

எதிரியின் குண்டு ஒன்றும் அந்தக் கப்பல்மேல் விழவில்லை, சகோதரிகளே. சேரக்கூடாதவை சேர்ந்திருந்தன, புகையைக் கண்டவர்கள் 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்றிருந்தார்கள். அவ்வளவுதான்.

இன்றிரவு படுக்கப் போகுமுன் உங்கள் குசினியை ஒருமுறை பாருங்கள். மண்ணெண்ணெய்ப் போத்தல் எங்கே? தீப்பெட்டி எங்கே? அடுப்பருகே துணி உலர்கிறதா? புகை வாடை வந்தால் எழுந்து பார்க்கும் முதல் ஆள் நீங்களாக இருங்கள்.