மச்சான் பிடிக்கும் கயிறு

அக்கா மகன் வந்திருந்தான். ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற குகைப் படத்தை நாலாவது தடவையாகப் பார்த்த சூட்டில், தலையில் மாட்டிக்கொள்ளும் டார்ச் ஒன்று வாங்கிவிட்டான். “குகை, மூடிப்போன சுரங்கம்னு ஒவ்வொண்ணா போய்ப் பாக்கலாம்னு இருக்கேன் மாமா. நம்ம தூத்துக்குடி பக்கம் என்ன இருக்கு?” என்றான். டீ வந்தது, கூடவே ஒரு பொட்டலம் மக்ரூன். அது தீரும்வரை பேசலாம்.

குகை இருக்கிறது. திருச்செந்தூரில் கோவிலுக்குப் பக்கத்திலேயே கடலோரமாக வள்ளி குகை. அங்கிருந்து தெற்கே போனால் மணப்பாடு. 1542-ல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கி ஜெபித்ததாகச் சொல்லும் குகை, கடலைப் பார்த்த மேட்டின் அடியில் இருக்கிறது. உள்ளே ஒரு சின்னக் கிணறும் உண்டு. ஆனால் இரண்டும் ஊர்ந்து போகிற குகைகள் இல்லை, கும்பிடப் போகிற குகைகள். “அவ்வளவுதானா?” என்று முகம் சுளித்தான். அந்த மேட்டுக் கல் எப்படி வந்தது தெரியுமா என்று கேட்டேன். தெரியாது.

காற்று குவித்த மணல் அது. நம் கரை மணலில் உடைந்த கிளிஞ்சலும் கலந்திருக்கும். மழை பெய்யும்போது கிளிஞ்சலின் சுண்ணாம்பு கொஞ்சம் கரைந்து கீழே இறங்கும். தண்ணீர் காய்ந்ததும் அந்தச் சுண்ணாம்பு மணலுக்கும் மணலுக்கும் நடுவில் ஒட்டிக்கொள்ளும். கொத்தனார் சுண்ணாம்புக் கலவை போட்டுப் பூசுவதை மழையே நிதானமாகச் செய்கிறது. அப்படி இறுகியதுதான் இந்த மேடு. கோலார் தங்கச் சுரங்கத்துப் பாறைக்கு வயது 250 கோடி ஆண்டுக்கு மேல். அதற்கு முன்னால் நம் கல் கைக்குழந்தை. கட்டிக் கொடுத்த தண்ணீரே கரைக்கவும் செய்யும், அலையும் அடியில் அரிக்கும். அதனால் இதில் பொந்து கண்டால் எட்டிப் பார்க்கலாம், தலையை நுழைக்கக் கூடாது.

கடலுக்கு இத்தனை பக்கத்தில் கிணற்றுத் தண்ணீர் ஏன் உப்புக் கரிப்பதில்லை? திருச்செந்தூர் நாழிக்கிணற்றைப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்விதான். நல்ல தண்ணீரைவிடக் கடல் தண்ணீர் கனம். மழைத்தண்ணீர் மணல் வழியாக இறங்கி அதன்மேல் மிதக்கும். கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரைக்கும் நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. அதே கணக்கு திரும்பியும் அடிக்கும்: மோட்டார் வைத்து இழுத்து மேலே 1 அடி குறைத்தால், கீழே உப்பு 40 அடி ஏறி வரும். கடலோர ஊர்களில் தோட்டக் கிணறு கெட்டுப்போன கதையெல்லாம் இதுதான்.

“சரி, சுரங்கம்?”

நம் ஊரின் கைவிட்ட சுரங்கம் கடலுக்கடியில் கிடக்கிறது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல ஆண்டுகள் பவளப்பாறையை வெட்டி வள்ளத்தில் ஏற்றினார்கள். பாறை போனதும் அலையைத் தடுக்க ஆளில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. துறைமுகத்துக்குப் பக்கத்து வான் தீவும் தேய்ந்து, இப்போது செயற்கைப் பாறைகளை இறக்கி அதைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். நீ டார்ச் அடித்துப் பார்க்க அங்கே ஒன்றுமில்லை, மருமகனே.

தரைச் சுரங்கம் என்றால் கோலார். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம்; 2001-ல் மூடினார்கள். பம்பு நின்றால் சுரங்கத்தில் தண்ணீர் ஏறும், முட்டுக்கொடுத்த மரம் உளுக்கும். அதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. கண்ணுக்குத் தெரியாதது காற்று. மூடிய குழியில் மரம் மக்கினாலும், சிலவகைக் கனிமம் துருப்பிடித்தாலும், ஆக்சிஜனைத் தின்றுவிடும். கரியமில வாயு கனமானது, பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். பாழுங்கிணற்றில் இறங்கியவர் மயங்க, அவரைத் தூக்க அடுத்தவர் இறங்க, மூன்றாமவரும் இறங்க என்று ‘விஷவாயு தாக்கி’ என்ற தலைப்பில் எத்தனை செய்தி படித்திருக்கிறோம்! விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் இறங்காதே என்று அர்த்தம். எரிந்தால் இறங்கு என்று அர்த்தமில்லை. கார்பன் மோனாக்சைடு இருந்தாலும் விளக்கு எரியும். மீத்தேன் இருந்தால் விளக்கே வினையாகிவிடும்.

குகையில் தண்ணீரும் ஆபத்துதான். 2018-ல் தாய்லாந்தில் தாம் லுவாங் குகைக்குள் 12 பையன்களும் பயிற்சியாளரும் மாட்டிக்கொண்டார்களே, மழை வெள்ளம் வழியை அடைத்து. வாசலில் நின்ற சைக்கிள்கள்தான் அவர்கள் உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுத்தன. 18-ஆம் நாள் கடைசிப் பையனும் வெளியே வந்தான். உதவப் போன முன்னாள் கடற்படை முக்குளிப்பாளர் சமன் குனான் திரும்பவில்லை.

உண்மையாகவே ஆசை இருந்தால் மேகாலயாவுக்குப் போ. கிரெம் லியாட் பிரா என்றொரு சுண்ணாம்புக் குகை 30 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். ஷில்லாங்கில் இருக்கிற சாகசச் சங்கத்தார் 1990-களிலிருந்து வெளிநாட்டாரோடு சேர்ந்து இப்படிப்பட்ட குகைகளை அளந்து படம் வரைகிறார்கள், அதுவும் மழையில்லாத மாதங்களில். தலைக்கவசம் போடு, ஆளுக்கு மூன்று விளக்கு வைத்துக்கொள், தனியாகப் போகாதே. எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று வெளியில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ.

“கடைசி ஒண்ணுதான் முக்கியம்” என்றேன். முத்துக்குளித்த காலத்தில் இடுப்பில் கூடையும் காலில் கல்லுமாக இறங்கியவனுக்கு மூச்சு ஒரு நிமிஷம், கொஞ்சம் கூட. கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவன் இழுத்தாக வேண்டும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்பது கரைப் பேச்சு. கூடப்பிறந்தவன் என்றால் சொத்தில் பங்கு வரும் என்று ஒரு நொடி யோசிப்பானாம். பெண்டாட்டியின் தம்பியோ, தன் அக்கா தாலியை நினைத்து விடாமல் இழுப்பானாம். மலைத்தேன் எடுப்பவர்களும் இதையே சொல்கிறார்கள். மச்சான் தயவு இருந்தால் மலையேறிப் பிழைக்கலாம் என்ற பழமொழி சும்மா வரவில்லை.

“எனக்குத்தான் இன்னும் கல்யாணமே ஆகலையே மாமா.”

“என் மகன் உனக்கு மச்சான் முறைதானல?”

உள்ளே எட்டிப் பார்த்தான். என் மகன் கட்டிலில் மல்லாந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். இரண்டு தடவை கூப்பிட்டும் காதில் விழவில்லை.

“மணப்பாட்டுக்கே போயிட்டு வந்துருதேன்” என்று கடைசி மக்ரூனை எடுத்துக்கொண்டான்.