சேத்துக்குள்ள ஓட்டை நிக்குமா?

பீச்சுல ஈர மணலில் கையை விட்டுக் குழி தோண்டியிருப்பீங்க. ஒரு அலை வந்து போனதும் குழி இருந்த இடமே தெரியாது. மணலுக்கே இந்தக் கதி என்றால், கடலடியில் தயிர் மாதிரிக் கிடக்கும் சுண்ணாம்புச் சேற்றில் ஓர் ஓட்டை எத்தனை நேரம் தாங்கும்?

கோடிக்கணக்கான வருஷம் தாங்கியிருக்கிறது. பெல்ஜியத்தில் ரான்ஸ் என்ற ஊரின் சிவப்பு மார்பிள் ரொம்பப் பிரபலம். பிரான்ஸின் வெர்சாய் அரண்மனை வரை போயிருக்கிறது. (மார்பிள் என்பது வியாபாரப் பேர்தான். அது சுண்ணாம்புக்கல்.) டெவோனியன் காலத்தில், சுமார் 37-38 கோடி ஆண்டுகளுக்கு முன், கடலடியில் சேறு மேடாகக் குவிந்து உருவான ரீஃப் அது. அந்தச் சிவப்புக்குள் வெள்ளைத் திட்டுகள் தெரியும். ஒவ்வொரு திட்டும் ஒரு காலத்தில் வெற்றிடம். பிறகு கால்சைட் படிகம் வளர்ந்து அதை அடைத்துவிட்டது. 1881-ல் டூபோன் என்ற பெல்ஜிய ஆய்வாளர் இதை ஓர் உயிரினம் என்று நினைத்து ஸ்ட்ரோமடாக்டிஸ் என்று பெயரே வைத்துவிட்டார்!

அதன் வடிவத்தைக் கவனிங்க. தரை மட்டமாக இருக்கும், கூரை மேடும் பள்ளமுமாக இருக்கும். டம்ளரின் அடியில் காபி மண்டி தங்குவதுபோல, உள்ளே புகுந்த நுண்ணிய வண்டல் அடியில் படிந்ததால்தான் அந்த மட்டம். பின்னாளில் பாறை சாய்ந்தாலும், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று சொல்லிவிடலாம். சிவில் நண்பர்களே, இது இயற்கை வைத்துவிட்டுப் போன ரசமட்டம்.

சரி, ஓட்டை எப்படி வந்தது? இங்கேதான் சண்டை. சேறு இறுகும்போது தண்ணீர் வெளியேறி, விட்டுப்போன இடம் என்கிறார்கள் சிலர். கடற்பஞ்சின் உடலும் சுற்றியிருந்த சேறும் ஒரே சீராக இறுகவில்லை. இறுகாத பகுதியை நீரோட்டம் அரித்துக்கொண்டு போனது என்பது இன்னொரு கட்சி. கடலடியில் மேல் ஓடு முதலில் கெட்டியாகி, அதற்குக் கீழிருந்த சேறு கழுவிக்கொண்டு போனது என்றும் ஒரு விளக்கம் உண்டு. எனக்குப் பிடித்தது செக் நாட்டு ஹ்லாடில் 2005-ல் வெளியிட்ட சோதனை. பல அளவுத் துகள்கள் கலந்த குழம்பைத் தண்ணீரில் படியவிட்டார். பஞ்சும் இல்லை, புழுவும் இல்லை. கிட்டத்தட்ட அதே வடிவத்தில் ஓட்டைகள் வந்தன. நம்ம லேபிலேயே செய்து பார்க்கலாம் போல!

ஆனால் ஓட்டை விழுவது பாதி வேலைதான், அது நிற்கணுமே. கான்க்ரீட் செட் ஆகும் முன்னே ஷட்டரிங்கைப் பிரித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இங்கே முட்டுக்கொடுக்க யாரும் இல்லை. ஆகவே மேலே படியும் புதுச் சேற்றின் எடை ஏறுவதற்குள் கூரை ஓரளவாவது இறுகியிருக்க வேண்டும். கடல்நீரிலிருந்தே கால்சைட் படிந்து, ஓட்டையின் சுவரில் நார்நாராக ஒட்டி, உள்ளிருந்தே பூச்சுப் பூசியிருக்கிறது. மேலே சேறு இன்னும் படிந்துகொண்டிருக்கும்போதே கீழே சிமெண்ட் வேலை ஆரம்பமாகிவிட்டது.

எந்த விளக்கம் சரி என்று கேட்டால், எல்லா மேட்டுக்கும் ஒரே காரணம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோணலை.