உஷார்! ஐசி 'பாஸ்' ஆகவில்லையா? யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்!

நிபோங் திபால் மக்களே, கைப்பேசியில் வங்கிக் கணக்கோ இ-வாலட்டோ திறக்கும்போது "சரிபார்ப்பு தோல்வி" என்று வந்தால் பதறாதீர்கள். அந்தப் பதற்றத்துக்காகவே ஒரு கூட்டம் காத்திருக்கிறது. "அண்ணே, ஐசிய முன்னாடி பின்னாடி படம் எடுத்து வாட்ஸ்அப்புல போடுங்க, நான் ஓகே பண்ணித் தரேன்" என்பார்கள். ஐசியைக் கையில் பிடித்தபடி ஒரு செல்ஃபியும் கேட்பார்கள். பிறகு வரும் ஓடிபி எண்ணையும் கேட்பார்கள். கொடுத்தால் தீர்ந்தது! உங்கள் பெயரில் ஒரு கணக்கு திறந்து, யாரோ ஏமாந்த பணம் அதில் ஓடும். போலீஸ் இதைத்தான் 'கெல்டாய் அக்காவுன்' என்கிறது. விசாரணைக்குத் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.

ஐசி தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் சின்னதுதான். 2020 ஜூனில் பேங்க் நெகாரா விதிமுறை வெளியிட்ட பிறகு, முகப்புக்குப் போகாமலே கணக்கு திறக்கும் முறை பரவியது. கார்டின் படத்தையும் உங்கள் முகத்தையும் இயந்திரமே ஒப்பிடுகிறது. பிளாஷ் வெளிச்சம் கார்டில் பட்டுப் பளிச்சிட்டால் அதற்கு எழுத்து தெரியாது. ஓரம் வெட்டுப்பட்டாலும், நகலைப் படம் எடுத்தாலும் தள்ளிவிடும். ஐசி எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. நீங்கள் தட்டியது அதோடு ஒத்துப்போக வேண்டும்.

நம்மவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு, பெயர். ஏ/எல், ஏ/பி என்பதில் வரும் அந்தச் சாய்கோட்டைப் பல படிவங்கள் ஏற்பதில்லை. பாஸ்போர்ட்டின் அடியில் உள்ள இயந்திர வரிகளிலும் சாய்கோட்டுக்கு இடமே கிடையாது. ஒரு இடத்தில் சாய்கோட்டோடும் இன்னொரு இடத்தில் இல்லாமலும் பதிவானால், ஒரே ஆளை இரண்டு ஆளாக எண்ணிவிடும் இயந்திரமும் உண்டு. பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்து, ஐசியில் வேறோர் எழுத்து என்றாலும் இதே கதிதான்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது இது. 12 வயதில் எடுத்த ஐசியில் இருப்பது குழந்தை முகம். 18 வயதானதும் புதிய படத்தோடு மாற்ற வேண்டும் என்பது விதி. எஸ்.பி.எம். முடித்த பிள்ளை அந்தப் பழைய கார்டோடு வங்கிக் கணக்கு திறக்கப் போனால், முகம் பொருந்தாமல் போக வாய்ப்பு அதிகம். தள்ளிப்போடாமல் பிள்ளையைத் தேசியப் பதிவிலாகாவுக்கு அழைத்துப் போங்கள். சில்லு பழுதான கார்டையும் பெயர்ப் பிழையையும் சரிசெய்ய வேண்டிய இடமும் அதுதான்.

பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், அசல் கார்டை மறுபடி படம் எடுத்துப் பாருங்கள். அப்போதும் தோற்றால் வங்கிக் கிளைக்கே நேரில் போங்கள். ஏற்கெனவே யாருக்காவது ஐசி படமும் ஓடிபியும் அனுப்பிவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இன்றே வங்கியிடம் சொல்லிவிட்டுப் போலீசில் புகார் கொடுங்கள். பணமும் போயிருந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மோசடிப் புகாருக்கான 997-ஐ அழையுங்கள்.