மணிக்கொரு சொட்டு

உடலின் கடிகாரம் என்றதும் இரவும் பகலும்தான் நினைவுக்கு வரும். ஒரு நாளுக்குள்ளேயே பலமுறை வந்துபோகும் தாளங்களும் உண்டு. தூக்கத்தில் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை கனவுக் கட்டம் வருகிறது. கணையம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை விட்டுவிட்டு இன்சுலினைச் சுரக்கிறது. ஆனால் மருத்துவர்களின் எண்ணத்தையே மாற்றிய தாளம் மூளைக்குள் இருக்கிறது.

மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸிலிருந்து ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோன் பிட்யூட்டரி சுரப்பிக்குப் போகிறது. அது சொன்னால்தான் பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஆகிய ஹார்மோன்களை விடும். கருமுட்டை முதிர்வதும் விந்தணு உருவாவதும் அதன் பிறகுதான். ஜி.என்.ஆர்.எச்.சின் அமைப்பைக் கண்டறிய ஆண்ட்ரூ ஷாலியின் குழு லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளின் ஹைப்போதலாமஸைப் பிரித்தெடுத்தது. ஷாலிக்கும் இதே துறையில் ஆய்வு செய்த ரோஜர் கியுமனுக்கும் 1977இல் நோபல் பரிசு கிடைத்தது.

பொருள் கையில் கிடைத்துவிட்டது. எப்படிக் கொடுப்பது? இதற்கு விடை தந்தவர் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் க்னோபில். சொந்தமாக இந்த ஹார்மோனைச் சுரக்க முடியாத ரீசஸ் குரங்குகளுக்கு அவருடைய குழு அதைத் தொடர்ச்சியாக ஏற்றிப் பார்த்தது. பிட்யூட்டரி அடங்கிப்போனது. மணிக்கு ஒருமுறை, ஆறே நிமிடம் ஏற்றியபோது விழித்துக்கொண்டது. 1978இல் வெளியான இந்த ஆய்வை நான் எத்தனை முறை படித்தாலும் வியப்பு குறைவதில்லை. அதே மருந்துதான், இடைவெளிதான் வேறு. ஓயாமல் தட்டப்படும் கதவை வீட்டுக்காரர் திறக்காமல் விடுவதுபோல, ஓயாத ஹார்மோனுக்குப் பிட்யூட்டரி செல்கள் தம் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கின்றன.

இந்த முரணை மருத்துவம் இரு பக்கமும் பயன்படுத்துகிறது. ஹைப்போதலாமஸ் ஓய்ந்ததால் கருமுட்டை வெளிவராத பெண்ணுக்கு ஒரு சிறு பம்ப் பொருத்தப்படும். தோலுக்கடியில் செருகிய மெல்லிய குழாய் வழியே 60 முதல் 90 நிமிடத்துக்கு ஒருமுறை, அவள் தூங்கினாலும் சமைத்தாலும், அது இந்த ஹார்மோனில் ஒரு துளியைச் செலுத்தும். புராஸ்டேட் புற்றுநோய்க்கோ நேர் எதிர்: ஜி.என்.ஆர்.எச். போன்ற லியூப்ரோலைடு ஊசி தொடர்ந்து செயல்பட்டு, முதலில் சில நாள் ஹார்மோனைக் கூட்டி, பிறகு டெஸ்டோஸ்டிரோனை அடியோடு வற்றச் செய்கிறது. வயதுக்கு முன்பே பூப்படையத் தொடங்கும் குழந்தைகளுக்கும் இவ்வகை ஊசிதான்.

தாளத்தின் வேகமும் முக்கியம். வேகமான துடிப்பு எல்.எச்.சைக் கூட்டும், மெதுவான துடிப்பு எஃப்.எஸ்.எச்.சுக்குச் சாதகம். பி.சி.ஓ.எஸ். எனும் சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி உள்ள பெண்கள் பலரிடம் துடிப்பு வேகமாகவே இருக்கிறது. போதிய உணவில்லாமல் கடும் பயிற்சி செய்யும் இளம் வீராங்கனைகளிடம் அது தளர்ந்து மாதவிடாய் நின்றுபோகிறது. கூடவே எலும்பும் மெலிகிறது. பயிற்சி நேரத்தில் மாதவிடாய் நிற்பது சகஜம் என்று அவர்களிடம் சொல்லப்படுவது எனக்கு வேதனை தருகிறது. மூன்று மாதம் வராவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். பெரும்பாலும் அங்கே முதல் சிகிச்சை, தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு.