கிராமமும் போலீஸ் ஸ்டேஷனும்

சென்ற கோடையில், கிணற்றுப் பாசனத்தையே நம்பி வாழும் ஒரு சிற்றூருக்கு நாம் சென்றிருந்தோம். முந்தின இரவு மூன்று கிணறுகளில் மோட்டாருக்குச் செல்லும் செம்புக் கம்பியை யாரோ வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அந்த ஆண்டில் அவ்வூரில் இவ்வாறு நடப்பது நான்காவது முறை. நிலக்கடலை விழுது இறங்கும் பருவம் அது. அப்போது தண்ணீர் தவறினால் மகசூல் என்னவாகும் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. "போலீஸில் எழுதிக் கொடுத்தீர்களா?" என்று கேட்டோம். வரப்பில் நின்றிருந்த முதியவர் ஒருவர், "கொடுத்து என்ன ஆகப் போகிறது ஐயா? கம்பி போனது ஒரு நஷ்டம். ஸ்டேஷனுக்கு நடப்பது இரண்டாவது நஷ்டம்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான்கு திருட்டுக்கும் ஒரு பிராதுகூட எழுதப்படவில்லை.

அன்று மாலை அந்தச் சரகத்து ஸ்டேஷனுக்கும் சென்றோம். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகவே பேசினார். அவ்வூரைப் பற்றி விசாரித்தபோது, "அதுவா? மிகவும் அமைதியான ஊர், திருட்டு, புரட்டு எதுவும் கிடையாது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய பதிவேட்டில் அவ்வூர் அவ்வாறுதான் இருந்தது. ரோந்துக்கு எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி எழும்போது, பதிவேட்டில் அமைதியாக இருக்கும் ஊருக்கு யார் போவார்கள்? கம்பி திருடுவோருக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது என்றே நமக்குத் தோன்றுகிறது.

போலீஸாரைப் பற்றிக் கிராமத்து மக்கள் கொண்டுள்ள அபிப்பிராயம் நல்லதா கெட்டதா என்று விவாதிப்பது நம் நோக்கமன்று. அந்த அபிப்பிராயம் திண்ணைப் பேச்சாகவே நின்றுவிடுவதால் கிராமத்துக்கு நேரும் நஷ்டத்தைப் பற்றியே சொல்ல விரும்புகிறோம்.

இந்த அவநம்பிக்கை நேற்று முளைத்ததன்று. சென்னை இராஜதானியில் வரி வசூலிலும் குற்ற விசாரணையிலும் மக்களைச் சித்திரவதை செய்தது பற்றி ஆராய ஒரு கமிஷன் அமர்ந்து 1855-இல் அறிக்கை தந்தது. வரி கேட்கும் தாசில்தாரே போலீஸ் அதிகாரமும் செலுத்திய காலம் அது. 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் போலீஸ் தனி இலாகாவாகப் பிரிக்கப்பட்டது. ஆயினும் 1902-இல் அமைக்கப்பட்டு, பிரேசர் என்பவரைத் தலைவராகக் கொண்ட போலீஸ் கமிஷன், மக்களின் நம்பிக்கையையும் ஒத்துழைப்பையும் போலீஸ் பெறத் தவறிவிட்டது என்று வெளிப்படையாகவே எழுதியது. வெள்ளையர் ஆட்சி தன் போலீஸைப் பற்றித் தானே தந்த நற்சாட்சி இது! போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் கொடுக்கும் குற்ற ஒப்புதலைக் கோர்ட்டில் சாட்சியமாகக் கொள்ளலாகாது என்ற 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் விதி, 2023-இல் இயற்றப்பட்ட புதிய சட்டத்திலும் தொடர்கிறது. சட்டமே எச்சரிக்கையாக இருக்கும்போது சாதாரண ஜனங்கள் தயங்குவதைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை.

அண்மைக் காலத்திலும் ஏற்றமும் இறக்கமும் உண்டு. 1993-இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் 'போலீஸ் நண்பர்கள்' என்ற இயக்கம் தொடங்கப்பட்டது. பொதுமக்களையும் போலீஸாரையும் அருகருகே கொண்டுவரும் முயற்சி அது. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் போலீஸார் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் உயிரிழந்தனர். அத்துயரச் செய்தி நாடெங்கும் பரவிய பின், அடுத்த மாதமே அவ்வியக்கம் தமிழ்நாட்டில் நிறுத்தப்பட்டது. பல ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த நம்பிக்கை சில இரவுகளில் கரைந்துபோகக் கூடியது என்பதைப் போலீஸ் இலாகாவினரும் அறிவார்கள்.

பழைய நாளில் ஊருக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே கிராம முன்சீப்பும் தலையாரியும் இருந்தார்கள். ஊரில் களவோ சாவோ நேர்ந்தால் ஸ்டேஷனுக்கு எழுதி அனுப்புவது முன்சீப்பின் கடமை. பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகள் 1980-இல் நீக்கப்பட்டு, கிராம நிர்வாக அதிகாரிகள் வந்தனர். தாமே ஸ்டேஷன் படியேறுவதைவிட ஊர்ப் பெரியவர் ஒருவர் மூலம் செய்தி போவதையே மக்கள் விரும்புகிறார்கள் என்பது நாம் எங்கும் கண்டது. அந்தப் பெரியவர் இன்று பெரும்பாலும் பஞ்சாயத்து அங்கத்தினரே. இது வெறும் வழக்கம் மட்டுமன்று. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 34-ஆம் பிரிவு, கிராம அலுவலில் ஈடுபட்டோருக்குச் சில விஷயங்களை மாஜிஸ்திரேட்டுக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ உடனே தெரிவிக்கும் கடமையை விதிக்கிறது. பஞ்சாயத்து அங்கத்தினரும் அவர்களுள் அடங்குவர். சந்தேகத்துக்கு இடமான மரணம், ஜாமீனில் விட இயலாத குற்றம் ஆகியவை அவ்விஷயங்களில் சில. களவுப் பொருளை வாங்கி விற்பவர் என்று பேரெடுத்தவர் ஊரிலோ அருகிலோ வசிப்பதும் அவற்றுள் ஒன்று! செம்புக் கம்பியை எடுப்பவன் அதைத் தின்னப் போவதில்லை. எடை போட்டு வாங்க ஒருவர் இருப்பதால்தான் அது வெட்டப்படுகிறது. அந்த வரியைப் படித்துக் காட்டியபோது, நாம் சென்ற ஊரின் அங்கத்தினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தகையவரைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆயினும் சொல்ல வேண்டிய இடத்தில் எவரும் சொன்னதில்லை.

இனி, பிராது கொடுக்கும் முறையைச் சற்று விரிவாகக் கூறுவோம். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

போலீஸார் தாமாகவே விசாரணையில் இறங்கத்தக்க குற்றம் நடந்திருப்பதாகத் தகவல் தந்தால், அதை முதல் தகவல் அறிக்கையாகப் பதிவு செய்யவேண்டும். வாய்மொழியாகச் சொன்னாலும் போதும். அதிகாரி அதை எழுதி, சொன்னவருக்குப் படித்துக் காட்டி, கையெழுத்துப் பெற வேண்டும். குற்றம் வேறு சரகத்தில் நடந்தது என்று சொல்லித் திருப்பி அனுப்பலாகாது. மின்னணு முறையிலும் தகவல் அனுப்பலாம். ஆனால் மூன்று நாளுக்குள் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். அறிக்கையின் நகல் இலவசம். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தொண்ணூறு நாளுக்குள் பிராது கொடுத்தவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் இப்போது சட்டம்.

முதல் தகவல் அறிக்கைக்கும் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீதுக்கும் உள்ள வேற்றுமையை நம் விவசாயிகளில் பலர் அறியார். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்தது என்பதற்கு அடையாளம். வழக்குப் பதிவானது என்பதற்கு அடையாளமன்று. ஒரு நண்பர் அந்த ரசீதை எட்டு மாதம் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, வழக்கு நடப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தார். ரசீது வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை; வெறுங்கையோடு திரும்புவதைவிட அது மேலானதே. ஆனால் அதைப் பெற்றபின், வழக்குப் பதிவாகுமா ஆகாதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைந்த தண்டனைக்குரிய குற்றங்களில், டி.எஸ்.பி.யின் அனுமதி பெற்றுப் பதினான்கு நாளுக்குள் முதனிலை விசாரணை செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே பதினான்கு நாள் கழிந்தபின் மறுமுறை சென்று கேட்பது நியாயமே. பதிவு செய்ய மறுத்தால் மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டுக்குத் தபாலில் எழுதலாம். அதன் பிறகும் பயனில்லையேல் மாஜிஸ்திரேட்டை அணுகலாம்.

பிராதில் என்ன எழுதுவது என்பதும் முக்கியம். "என் கிணற்றில் கம்பி திருடிவிட்டார்கள், நடவடிக்கை எடுக்கவும்" என்ற இரண்டு வரி போதாது. சர்வே நம்பர், கம்பியின் நீளம், வாங்கிய கடையின் ரசீது, கடைசியாக மோட்டாரை நிறுத்திய நேரம், வெட்டிய இடத்தில் கிடந்த பொருள் யாவும் எழுதப்பட வேண்டும். மதிப்பை விடாமல் குறிப்பிட வேண்டும். புதிய சட்டத்தின் அட்டவணையில் ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள திருட்டு, போலீஸார் தாமாக விசாரிக்க இயலாத வகையில் வைக்கப்பட்டுள்ளது. அதைப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு மாஜிஸ்திரேட்டிடம் போகுமாறு சொல்வார்கள். கம்பியின் விலையை நினைவிலிருந்து குத்துமதிப்பாகக் குறைத்து எழுதிவிட்டு, பிறகு போலீஸார் அசட்டையாக இருக்கிறார்கள் என்று வருந்துவோர் உண்டு. கூட்டி எழுதுவதும் பெருந்தவறு. கடை ரசீதுக்கு மேல் ஒரு ரூபாயும் வேண்டாம்.

இனிப் போலீஸார் மீது சுமத்தப்படும் குறைகளில் ஒரு பகுதி அவர்களுக்கு உரியதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். வரப்புத் தகராறு, பாதைத் தகராறு, வாய்க்காலில் முறை மாறித் தண்ணீர் திருப்புதல் ஆகியவற்றோடு ஸ்டேஷனுக்குச் செல்வோர் ஏராளம். நிலம் யாருடையது என்று தீர்ப்புச் சொல்லப் போலீஸாருக்கு அதிகாரமில்லை. எல்லையை அளப்பது சர்வே இலாகா. உரிமையைத் தீர்மானிப்பது சிவில் கோர்ட். கைகலப்பு மூளும் நிலையிருந்தால் மட்டுமே போலீஸார் தலையிட்டு, தாசில்தார் அல்லது கோட்டாட்சியர் முன் கொண்டுசெல்ல முடியும். "போலீஸார் எதிர்க்கட்சிக்காரனிடம் பணம் வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள்" என்று நம்மிடம் முறையிட்ட ஒருவரின் விவகாரத்தை விசாரித்தபோது, அவர் சர்வேக்கு மனுவே போட்டிருக்கவில்லை. அதே சமயம், தமக்கு அதிகாரமில்லாத நிலத் தகராறில் இரு தரப்பையும் ஸ்டேஷனில் உட்காரவைத்து, "பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதி வாங்கும் அதிகாரிகளும் இருக்கிறார்கள். அதில் தோற்றவனுக்குப் போலீஸ் மீதுள்ள கோபம் மூன்று தலைமுறைக்குப் போதும்.

ஸ்டேஷனுக்கும் கஷ்டங்கள் உண்டு. ஒரு ஸ்டேஷனின் கீழ்ப் பல கிராமங்கள் இருக்கும். திருவிழா, ஊர்வலம், தலைவர்கள் வருகை என்று ஆட்களைப் பந்தோபஸ்துக்கு அனுப்பியபின் இரவு ரோந்துக்கு மிஞ்சுவோர் சிலரே. இதைவிட ஆழமான ஒரு குறை, பதிவான வழக்குகளின் எண்ணிக்கை கூடினால் அதிகாரிக்குக் கெட்ட பெயர் வரும் என்ற எண்ணம். 1977-இல் தர்ம வீரா தலைமையில் அமைந்த தேசியப் போலீஸ் கமிஷன், வழக்குகளைப் பதிவு செய்யாமல் தவிர்க்கும் பழக்கத்தைக் கண்டித்தது. பதிவு கூடினால் குற்றம் கூடியது என்று பொருளன்று; சொல்லத் துணிந்தவர்கள் கூடினார்கள் என்றும் கொள்ளலாம். மேலதிகாரிகள் இதை ஒப்புக்கொண்டாலன்றி, கீழுள்ளவர் பதிவேட்டைத் திறக்கத் தயங்கவே செய்வார்.

எல்லோருக்கும் ஸ்டேஷன் ஒரே தூரத்தில் இல்லை. பெண்களுக்கு அது மிகத் தொலைவு. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் போலீஸ் ஸ்டேஷன் பின்னர் மாவட்டங்களுக்குப் பரவியது இதனால்தான். பெண்களையும் அறுபது வயதுக்கு மேற்பட்டோரையும் சாட்சி விசாரணைக்கு அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாகாது. ஆதிதிராவிடர் குடியிருப்பிலிருந்து வரும் பிராதுக்கு இன்னும் ஒரு தடை உண்டு. ஊர்ப் பெரியவர்களே எதிர்த் தரப்பாக இருப்பார்கள். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் குற்றத்தில் முதனிலை விசாரணை இன்றியே வழக்குப் பதிய வேண்டும் என்று 2018-இல் செய்யப்பட்ட திருத்தம் கூறுகிறது. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு அச்சட்டத்திலேயே தண்டனையும் உண்டு. இத்தகைய குற்றத்தைப் பஞ்சாயத்து அங்கத்தினர் "ஊருக்குள்ளேயே முடித்துவிடலாம்" என்று அழைத்துப் பேசுவது சமாதானமன்று. அது கட்டப் பஞ்சாயத்து. சட்டப்படி குற்றத்தை மறைப்பதாகவும் முடியக்கூடும்.

நாம் முதலில் சொன்ன சிற்றூருக்குத் திரும்புவோம். நாம் அங்கிருந்தபோதே, கம்பி இழந்த விவசாயிகள் பஞ்சாயத்து அலுவலகத்தில் கூடினார்கள். வார்டு அங்கத்தினரான ஓர் அம்மையார், ஆளுக்கொரு தாளாகப் பிராது எழுதவைத்தார். "ஊர் சார்பில் ஒரே மனுவாக எழுதிவிடலாமே" என்றார் ஒருவர். "ஒரு மனுவென்றால் ஒரு திருட்டு என்று கணக்கு வைப்பார்கள். போனது எத்தனையோ, அத்தனை தாள் போகட்டும்" என்றார் அம்மையார். பழைய திருட்டுகளையும் தேதியோடு சேர்த்துக்கொண்டார்கள். கடை ரசீது இல்லாதவர்கள், கம்பி வாங்கிய கடையில் நகல் கேட்கப் புறப்பட்டார்கள். வரப்பில் சிரித்த முதியவருக்கு எழுதத் தெரியாது. அவருடைய பேத்தி எழுத, அவர் கைநாட்டு வைத்தார்.

மறுநாள் காலை பதினொரு பேர் ஸ்டேஷனுக்குப் போனார்கள். பதினொரு தாளைக் கண்ட அதிகாரி திகைத்துவிட்டார் என்று பின்னர் அறிந்தோம். நான்கு வழக்குகள் பதிவாயின. மற்றவற்றுக்கு ரசீது தரப்பட்டது. பழைய இரும்புக் கடை ஒன்றில் சோதனையும் நடந்தது. கம்பி இன்னும் கிடைக்கவில்லை. எனினும் வாரத்தில் இரண்டு இரவு ரோந்து வண்டி அவ்வூர்க் கிணற்றுப் பாதை வழியே போகத் தொடங்கியிருக்கிறது. ரசீது பெற்ற ஏழு பேரும் பதினைந்தாம் நாள் மறுபடி ஸ்டேஷனுக்குப் போவதென்று தேதி குறித்து வைத்திருந்தார்கள்.