பூட்டி வைத்த தேயிலை

முகூர்த்த நாளில் திருவந்திபுரத்துக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் நான் சொல்வது உங்களுக்குப் புரியும். தேவநாதப் பெருமாள் சந்நிதியிலே ஒரு மாலை மாற்றல், எதிரே ஹயக்கிரீவர் மலைப் படிக்கட்டருகே இன்னொரு மாலை மாற்றல், நாதஸ்வரத்துக்கு நாதஸ்வரம் போட்டி! எந்தப் பெண்ணுக்கு எந்தப் பிள்ளை என்று தெரியாமல், யாரோ ஒருவர் தலையில் அட்சதையைப் போட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. அப்படிப் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

அந்தக் கூட்டத்திலிருந்து தப்பி, தெரிந்த குடும்பம் ஒன்றின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார்கள். கொடுத்த பாட்டியம்மாளுக்கு எண்பதைத் தாண்டிய வயது. பூஜை அலமாரியின் கீழ்த் தட்டில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. பள பளப்பு மங்கிய கறுப்பு. அதன் மேல் தேய்ந்துபோன பொன் கோடுகளில் ஒரு மண்டபம், ஒரு பாலம், விசிறி பிடித்த இரண்டு உருவங்கள். அடியில் மிருகத்தின் நகம் போன்ற நான்கு கால்கள். முன்புறம் ஒரு சாவித் துவாரம். திறந்து காட்டச் சொன்னேன். உள்ளே சாம்பல் நிறத்தில் இரண்டு உலோகப் பெட்டிகள். ஒன்றில் திருமண், மற்றதில் ஸ்ரீசூர்ணம்!

"அவர் மஞ்சக்குப்பத்திலே ஏதோ துரை வீட்டு ஏலத்திலே எடுத்தாராம். எதற்கென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பேரன் விற்றுவிடலாம் என்கிறான். பழைய சாமான்காரன் இரண்டு தரம் வந்து போய்விட்டான்" என்றார் பாட்டி.

எதற்கென்று நான் சொன்னேன். சொன்னதை உங்களுக்கும் சொல்லுகிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒன்று இருக்கக் கூடுமல்லவா?

அது தேயிலைப் பெட்டி. சீனாவில் காண்டன் நகரத்துக் கைவேலைக்காரர்கள் அந்நிய தேசத்தாருக்கென்றே செய்த அரக்குப் பெட்டி. உள்ளே இருப்பது வெள்ளீயக் கலப்பில் செய்த டப்பாக்கள். ஒன்றில் பச்சைத் தேயிலை, ஒன்றில் கறுப்புத் தேயிலை. இங்கிலீஷ்காரர்கள் இந்த மாதிரிப் பெட்டிக்கு வைத்த பெயர் 'கேடி'. கேடி என்றதும் போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம் வர வேண்டாம். 'காட்டி' என்ற மலாய் நிறைப் பெயர் திரிந்து அப்படி ஆயிற்று. ஒரு காட்டி என்பது ஏறக்குறைய 600 கிராம்.

சரி, இலைக்கு எதற்குப் பூட்டு? அங்கேதான் வேடிக்கை. நம் வீடுகளில் பாட்டிமார் இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகிக்கொண்டு குங்குமப்பூவையும் ஏலக்காயையும் காபந்து செய்ததில்லையா? அதே கதைதான். இரு நூற்றைம்பது வருஷங்களுக்கு முன் லண்டனில் வீட்டு எஜமானியம்மாள் தேயிலைப் பெட்டியின் சாவியைத் தன்னிடமே வைத்திருப்பாள். விருந்தாளி வந்ததும் பெட்டி கூடத்துக்கு வரும். தன் கையாலேயே அளந்து போடுவாள். வேலைக்காரியிடம் போவது வடிகட்டிய சக்கைதான். அதையும் காய வைத்து விற்றுக் காசு பார்த்தவர்கள் உண்டு. வாங்கியவர்கள் வேறு ஏதேதோ இலையைக் கலந்து, சாயமேற்றி, மறுபடி விற்றார்கள். கலப்படம் நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று யார் சொன்னது?

அவ்வளவு விலை ஏறியதற்குக் காரணம் தூரம் மட்டுமல்ல. சர்க்கார் வரி! 1784 வரையில் தேயிலை வரி நூற்றுக்கு 119 என்று நின்றது. கள்ளக் கடத்தல் பெருகிவிடவே, அந்த வருஷம் அதைப் பன்னிரண்டரையாகக் குறைத்தார்கள். அதற்குமுன் அமெரிக்காவிலே வரித் தகராறு முற்றி, 1773 டிசம்பர் 16-ம் தேதி இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்களே, அத்தனையும் கிழக்கிந்தியக் கும்பினி ஏற்றி அனுப்பிய சீனத் தேயிலைதான்.

இதற்கும் கடலூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். திருவந்திபுரத்திலிருந்து கெடிலம் ஆற்றை ஒட்டிக் கிழக்கே போனால் தேவனாம்பட்டினம். அங்கே செயின்ட் டேவிட் கோட்டையை 1690-ல் கும்பினியார் மராட்டியரிடமிருந்து கிரயத்துக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த எல்லை வரைக்கும் கிராமங்களைத் தங்களுடையதாக்கிக்கொண்டதால் 'குண்டு கிராமங்கள்' என்ற பெயரே வந்தது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி அந்தக் கோட்டையைப் பிடித்து இடித்தான். கும்பினிக்கு இந்தக் கரையில் வேண்டியிருந்தது துணி. நம் நெசவாளிகளின் துணியை ஏற்றிய கப்பல்களில் சில கிழக்கே போயின. கிழக்கிலிருந்து பட்டும் பீங்கானும் அரக்குச் சாமானும் தேயிலையும் திரும்பின. 1669-ல் கும்பினி முதன்முதலாக ஜாவாத் தீவின் பாண்டமிலிருந்து சீமைக்கு அனுப்பிய தேயிலை வெறும் 143 ராத்தல்தான். இருபது வருஷம் கழித்து, 1689-ல், 25,000 ராத்தலுக்கு மேல் போயிற்று. அது புறப்பட்ட இடங்கள் இரண்டு: ஒன்று சீனத்து அமோய்த் துறைமுகம், மற்றொன்று நம் சென்னப்பட்டணம்!

அந்த அமோய்ப் பக்கத்துப் பேச்சில் இந்த இலைக்கு 'தே' என்று பெயர். நம் தேயிலையில் உள்ள 'தே' அதுதான். 'சாயா' குடிப்பவர்கள் சீனாவின் வேறு மூலையிலிருந்து சொல்லை வாங்கிக்கொண்டவர்கள். இன்னொன்றும் கேளுங்கள். சீனத்து அரக்கு மடக்குத் திரைகளுக்கு ஐரோப்பாவில் 'கோரமண்டல்' என்று பெயர். செய்தவன் சீனன், சோழமண்டலக் கரை வழியாக வந்ததால் பெயர் நம்முடையது. இதே கரையில் விசாகப்பட்டினத்துத் தச்சர்கள் தந்தம் இழைத்துச் செய்த தேயிலைப் பெட்டிகளையும் துரைசானிகள் ஆசையாக வாங்கிப் போனார்கள்.

கப்பலில் வந்த பெரிய பெட்டிகள் இவ்வளவு அழகில்லை. சாதாரண மரப் பெட்டி. ஈரம் ஏறாமல் இருக்க உட்புறம் முழுவதும் ஈயத் தகடு. மேலே பாய் சுற்றிப் பிரம்பால் கட்டுவார்கள். தேயிலையைக் காலால் மிதித்துத்தான் அடைப்பார்கள் (இதைப் படித்துக்கொண்டே டீ குடிப்பவர்கள் மன்னிக்கவும்). கப்பலின் அடித்தட்டில் பீங்கான், தண்ணீர் பட்டாலும் கெடாதே. அதற்கு மேலே தேயிலை.

இத்தனைக்கும் விலையாகச் சீனர்கள் கேட்டது வெள்ளி. வெள்ளி கரையக் கரைய, கும்பினியார் ஒரு குறுக்கு வழி கண்டார்கள். பீகார்ப் பக்கம் அபினி பயிரிடச் செய்து, கல்கத்தாவில் ஏலம் விட்டார்கள். வியாபாரிகள் அதைச் சீனாவுக்குக் கடத்தினார்கள். லண்டன் கூடத்தில் துரைசானி சாவி போட்டுத் திறந்த பெட்டிக்கு, ஒரு தேசமே போதையில் விழுந்து விலை கொடுத்தது. சீனச் சர்க்கார் தடுத்தபோது 1839-ல் யுத்தம் வந்தது.

அதே 1839 ஜனவரியில் லண்டன் ஏலத்துக்கு எட்டே எட்டுப் பெட்டிகள் வந்தன. அவை அஸ்ஸாம் தேயிலை. 1848-ல் ராபர்ட் பார்ச்சூன் என்பவர் சீனர் வேஷம் போட்டுக்கொண்டு உள்நாட்டுக்குப் போய், தேயிலைச் செடிகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து இமயமலைச் சாரலுக்கு அனுப்பினார். 1867-ல் இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டார். அப்புறம் அங்கே காப்பிச் செடிகளை நோய் அழிக்க, மலை மலையாகத் தேயிலை ஏறிற்று. 1888-ல் இங்கிலாந்துக்குப் போன இந்தியத் தேயிலை சீனத் தேயிலையை மிஞ்சியது. விலை இறங்கிற்று, ஏழை வீட்டிலும் கெட்டில் கொதித்தது. பூட்டுக்கு வேலை போயிற்று.

பூட்டைத் திறந்தது யார் தெரியுமா? கங்காணி பின்னால் மண்டபம் வழியாகவும் தலைமன்னார் வழியாகவும் நடந்து போன நம் ஊர் ஜனங்கள். பனியில், அட்டைக் கடியில், முதுகில் கூடையுடன் கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். இரவில் லயத்தில் ஓர் அறை. அவர்கள் வம்சத்தாரின் பிரஜா உரிமையை இலங்கை 1948-ல் பறித்தது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாயிற்று. திரும்பியவர்களுக்காக 1968 முதல் நீலகிரியில் நம் சர்க்கார் தேயிலைத் தோட்டம் போட்டது. பறித்த கை மறுபடி பறித்தது. அரக்குப் பெட்டிக்குப் பதிலாக, தகர விளிம்பு போட்ட ஒட்டுப்பலகைப் பெட்டி. உங்கள் வீட்டில் வெண்கலப் பாத்திரம் கட்டி வைத்த அந்த டீப்பெட்டிதான்!

பழைய பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே ஈயத் தகடோ சாம்பல் நிற டப்பாவோ இருந்தால் அரிசி, பருப்பு எதையும் போட வேண்டாம். புளி, ஊறுகாய் கூடவே கூடாது. புளிப்புப் பட்டால் ஈயம் கரையும், ஈயம் விஷம், குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல். அரக்கின்மேல் ஈரத் துணியும் எண்ணெயும் ஆகாது. உலர்ந்த மெல்லிய துணியால் தூசி தட்டினால் போதும். வெயிலில் வைத்தால் அரக்கு வெடிக்கும். விற்பதாக இருந்தால், நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப் பொருளுக்கு 1972-ம் வருஷச் சட்டம் உண்டு. வாங்கி விற்பவருக்கு லைசென்ஸ் வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தந்தம் இழைத்ததானால் வியாபாரமே குற்றம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பாட்டி கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தார்.

"ஆக, இதிலே டீத்தூள் வைத்து, அதைப் பூட்டியும் வைத்தார்களாக்கும்! நான் பெருமாள் சாமான் வைத்திருக்கிறேன், ஒரு நாள் பூட்டினதில்லை" என்றார்.

"பூட்டுவதற்குச் சாவி இருக்கிறதா, பாட்டி?"

"பேரன் கேட்டபோது இல்லை என்றேன்" என்று சொல்லி, பாட்டி மடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். அதிலே விரல் நுனியளவு ஒரு பித்தளைச் சாவி தொங்கிற்று.